பதினோரு மில்லிகிராம்

பி.எஸ்சி. முதலாமாண்டில் எங்களுக்கு ஒரு செய்முறை உண்டு. மெக்னீசியம் ரிப்பனைச் சுருட்டி, மூடி போட்ட பீங்கான் குரூசிபிளில் வைத்து எரிக்க வேண்டும். எரிப்பதற்கு முன்னால் ஒரு எடை, எரிந்து ஆறிய பிறகு ஒரு எடை. கூடிய எடைதான் மெக்னீசியம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிஜன். அதை வைத்து மெக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 0.243 கிராம் மெக்னீசியத்துக்கு 0.403 கிராம் சாம்பல் வர வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 0.39ஐத் தாண்டவில்லை. திரும்பச் செய்தேன். இன்னும் குறைந்தது.

டெமான்ஸ்ட்ரேட்டர் வந்து எட்டிப் பார்த்தார். “மூடிய ரொம்பத் தொறந்துட்ட, புகையெல்லாம் வெளிய போயிருக்கும். 0.40ன்னு போட்டுக்கோ, நேரமாச்சு” என்றார். போட்டுக்கொண்டேன். பக்கத்து மேஜையிலும் அதுவே நடந்தது. அந்த வருடம் எங்கள் வகுப்பில் யாருக்குமே மெக்னீசியம் தப்பாக எரியவில்லை.

புகை போனதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு காரணம் இருந்தது என்று தெரியவந்தது பல வருடம் கழித்துத்தான். மூடிய குரூசிபிளுக்குள் ஆக்சிஜன் குறையும்போது, சிவக்கச் சூடேறிய மெக்னீசியம் சும்மா இருப்பதில்லை. அது நைட்ரஜனைத் தின்ன ஆரம்பிக்கிறது. மூன்று மெக்னீசியம் அணுவும் இரண்டு நைட்ரஜன் அணுவும் சேர்ந்து மெக்னீசியம் நைட்ரைடு. அதே அளவு மெக்னீசியம் ஆக்சைடாக மாறினால் வரும் எடையைவிட நைட்ரைடாக மாறினால் வரும் எடை குறைவு. சாம்பலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சூடாக்கியிருந்தால் அமோனியா வாசனை வந்திருக்கும். நாங்கள் குரூசிபிளை நேராகக் கொண்டுபோய் சிங்கில் கழுவினோம். அப்போதுகூட வாசனை வந்திருக்கும்தான். ஆனால் எங்கள் லேபில் எப்போதும் ஏதாவது நாறிக்கொண்டேதான் இருக்கும்.

நைட்ரஜன் எதனுடனும் சேராத மந்த வாயு என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன, பிரிக்கவே முடியாது என்று. உண்மைதான். பிரிக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். பெயரிலேயே அந்த அபிப்பிராயம் இருக்கிறது. லவாய்சியே அதற்கு வைத்த பெயர் ‘அசோட்’, உயிரற்றது. இந்த மந்த வாயுவை மெக்னீசியத்துக்குத் தின்னக் கொடுத்து, அது தின்னாமல் மிச்சம் வைத்ததிலிருந்து ஒரு புதுத் தனிமத்தை 1894இல் இரண்டு பேர் பிடித்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர்களும் ஆரம்பித்தது சரியாக வராத ஒரு எடையில்தான்.

முதல் ஆள் ராலே பிரபு. பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்குக் கணக்கு எழுதியவர் என்று நம் பாடப்புத்தகத்தில் வருகிற அதே ராலே. மேக்ஸ்வெல்லுக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பேராசிரியர் நாற்காலியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, 1884இல் எசெக்ஸில் டெர்லிங் என்ற ஊரில் இருந்த தன் சொந்த மாளிகைக்குத் திரும்பிவிட்டார். ஒரு பக்கம் நிலம், பால் பண்ணை. இன்னொரு பக்கம் வீட்டோடு சேர்ந்த சோதனைச்சாலை. காசுக்குக் குறைவில்லை, கேள்வி கேட்க மேலதிகாரி இல்லை, பேப்பர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. இதைச் சொல்லாமல் அவருடைய பொறுமையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. நேரமாச்சு என்று சொல்ல அவர் வீட்டில் யாரும் இல்லை.

அவருக்கு ஒரு பழைய கேள்வி பாக்கி இருந்தது. எல்லாத் தனிமங்களின் அணு எடையும் ஹைட்ரஜனின் முழு மடங்குகள்தான் என்று 1815இல் ப்ரௌட் என்ற மருத்துவர் சொல்லியிருந்தார். அது சரியா என்று பார்க்க வேண்டுமானால் வாயுக்களின் அடர்த்தியை மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். 1882இலேயே அந்த வேலையைச் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எடைபோட்டு முடிக்கவே பத்து வருடம் ஆனது. ஆக்சிஜன் ஹைட்ரஜனைப்போலச் சரியாக 16 மடங்கு இல்லை, 15.882தான் என்று வந்தது. ப்ரௌட் கதை அங்கேயே முடிந்தது. அடுத்தது நைட்ரஜன்.

வாயுவை எடைபோடுவது சொல்வதற்குச் சுலபம். ஒரு கண்ணாடி உருண்டையைக் காற்றில்லாமல் உறிஞ்சி எடைபோடு, வாயுவை நிரப்பி எடைபோடு, கழி. ஆனால் அந்த உருண்டை தொங்குவதே காற்றுக்குள்தான். தண்ணீருக்குள் குடத்தைப் பிடித்தால் லேசாகத் தெரிகிறதே, அதுபோலக் காற்றும் உருண்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. அந்தத் தூக்கல் மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி. அதனால் தராசின் மறுபக்கம் அதே பருமனுள்ள, அடைத்த இன்னொரு உருண்டையைத் தொங்கவிட வேண்டும். இது பிரெஞ்சுக்காரர் ரென்யோவின் வழி. ரென்யோவின் எண்களைத்தான் உலகமே பயன்படுத்தியது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே வெற்றிடமானதும் வெளிக்காற்று கண்ணாடியை அழுத்தி உருண்டையை ஒரு மயிரிழை சுருக்கிவிடும். சுருங்கினால் தூக்கல் குறையும், எடை மாறும். 1888இல் ராலே அதைச் சுட்டிக்காட்டித் திருத்தினார். கண்ணாடி சுருங்குவதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற ஆள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது.

நைட்ரஜனை அவர் முதலில் எடுத்தது வெர்னன் ஹார்கோர்ட்டின் வழியில். காற்றை அமோனியாக் கரைசலுக்குள் குமிழிகளாக விட்டு, பிறகு சூடான தாமிரத்தின் மேல் ஓட்டுவது. இதில் அமோனியாவின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனைத் தண்ணீராக்கிவிடும். எடை ஒன்றுபோல வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஒரே விடை வந்தால் அதில் பெரிய பெருமை இல்லை, தப்பு இருந்தால் தப்பும் கூடவே திரும்ப வரும். அதனால் அமோனியா இல்லாத வழக்கமான வழியையும் முயன்றார். காற்றை அமோனியாக் கரைசலுக்குள் குமிழிகளாக விட்டு, பிறகு சூடான தாமிரத்தின் மேல் ஓட்டுவது. இதில் அமோனியாவின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனைத் தண்ணீராக்கிவிடும். இப்படி வந்த நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது.

ஆயிரத்தில் ஒன்று! அந்தக் காலத்தில் வேறு எந்தச் சோதனைச்சாலையிலும் இது தெரிந்தே இருக்காது. தெரிந்திருந்தாலும் இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டிருப்பார்கள். ராலேவின் தராசு பத்தாயிரத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கும். அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் செய்தது அதைவிட நல்ல காரியம். 1892 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நைட்ரஜனின் அடர்த்தியில் குழம்பிப்போயிருக்கிறேன், வேதியியல் தெரிந்த வாசகர்கள் யாராவது காரணம் சொன்னால் உதவியாக இருக்கும் என்று. ஐம்பது வயது, பிரபு, கேம்பிரிட்ஜின் முன்னாள் பேராசிரியர், ‘எனக்குப் புரியலைங்க’ என்று பத்திரிகையில் எழுதுகிறார். ஆலோசனைகள் வந்தன, விடை வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம். சின்ன வித்தியாசம் ஒன்று வந்தால் அதை எப்படியாவது ஒழித்துக்கட்டத்தான் கை போகும். ராலே அதைப் பெரிதாக்கிப் பார்க்க முடிவு செய்தார். யோசித்துப் பாருங்கள்: அமோனியா வழியில் வருகிற நைட்ரஜனில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் அமோனியாவிலிருந்து வருகிறது. மிச்சமெல்லாம் காற்றில் இருந்த நைட்ரஜன்தான். அப்படியானால் காற்றுக்குப் பதில் சுத்தமான ஆக்சிஜனை அமோனியாவுக்குள் விட்டால் கிடைக்கும் நைட்ரஜன் முழுக்க முழுக்க அமோனியாவுடையது. கோளாறு அமோனியா நைட்ரஜனுக்கும் காற்று நைட்ரஜனுக்கும் நடுவில் இருக்குமானால் வித்தியாசம் பெருக வேண்டும். பெருகியது. ஆயிரத்தில் ஒன்று என்பது இருநூறில் ஒன்றாக ஆனது.

அப்புறம் அவர் விடவில்லை. நைட்ரிக் ஆக்சைடிலிருந்து எடுத்த நைட்ரஜன்: உருண்டை நிறைய 2.3001 கிராம். நைட்ரஸ் ஆக்சைடிலிருந்து 2.2990. அமோனியம் நைட்ரைட்டிலிருந்து 2.2987. காற்றிலிருந்து, சூடான தாமிரத்தால் எடுத்தது 2.3103. சூடான இரும்பால் எடுத்தது 2.3100. ஈரமான இரும்பு ஹைட்ராக்சைடால், சூடே இல்லாமல் எடுத்தது 2.3102. இரண்டு தனிக் கூட்டங்கள், நடுவில் ஒன்றுமே இல்லை. வித்தியாசம் ஏறக்குறைய 11 மில்லிகிராம். ஒரு அரிசி மணியில் பாதி இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது லேசான நைட்ரஜனை, அதாவது லேபில் தயாரித்ததை. அதில் ஹைட்ரஜன் கலந்திருக்கும் என்றார்கள். ராலே வேண்டுமென்றே காற்று நைட்ரஜனில் ஹைட்ரஜனைக் கலந்து, பிறகு வழக்கம்போலச் சுத்தப்படுத்தி எடைபோட்டார். ஹைட்ரஜன் முழுக்கப் போய்விட்டது, எடை மாறவில்லை. சரி, லேசான நைட்ரஜனில் மூலக்கூறுகள் சில உடைந்து தனி அணுக்களாக இருக்குமோ? மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார், எட்டு மாதம் அப்படியே வைத்திருந்தும் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. காற்றைச் சந்தேகிக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. நூறு வருடமாக உலகத்தின் அத்தனை வேதியியலாளர்களும் பிரித்துப் பார்த்த பொருள் அது. தினமும் மூக்குக்குள் போய் வருவதில் என்ன புதிதாக இருந்துவிடப்போகிறது?

ஆனால் ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார், 1785இலேயே. ஹென்றி கேவண்டிஷ். பெரும் பணக்காரர், மகா கூச்ச சுபாவி. வேலைக்காரப் பெண்களிடம் பேச வேண்டியிருக்குமே என்று சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவாராம். அவர் கேட்ட கேள்வி இது: நாம் ஒரே பெயரால் அழைக்கிற இந்தக் காற்று (நைட்ரஜன் என்ற பெயர் அப்போது இல்லை) உண்மையிலேயே ஒரே பொருளா, அல்லது பல பொருள்களை ஒன்றாக நினைத்து ஏமாந்துகொண்டிருக்கிறோமா? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மின்பொறி. நைட்ரஜன் ஆக்சிஜனோடு தானாகச் சேராது. ஆனால் மின்பொறி பாய்கிற இடத்தில் சூட்டில் மூலக்கூறு உடைந்து சேரும். மின்னலில் நடப்பதும் இதுதான். வளைந்த கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையையும் பாதரசக் கிண்ணங்களில் கவிழ்த்து, உள்ளே காற்றையும் கூடுதல் ஆக்சிஜனையும் கொஞ்சம் காரக் கரைசலையும் வைத்து, கையால் சுற்றுகிற மின் இயந்திரத்தால் பொறி விட்டுக்கொண்டே இருந்தார். சேர்ந்ததையெல்லாம் காரம் குடித்துக்கொண்டது. கடைசியில் மிஞ்சிய ஆக்சிஜனையும் நீக்கியபோது ஒரு சின்னக் குமிழி நின்றது. எத்தனை பொறி விட்டாலும் அது போகவில்லை. நைட்ரஜனில் வேறு ஏதாவது கலந்திருந்தால் அது 120இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதிவைத்தார். உண்மையான அளவு ஏறக்குறைய 85இல் ஒன்று. கையால் சுற்றுகிற இயந்திரத்துக்கு இது மோசமில்லை.

அந்தக் கட்டுரையை எல்லோரும் படித்தார்கள். நைட்ரிக் அமிலம் எதனால் ஆனது என்பதற்காகப் படித்தார்கள். குமிழி 109 வருடம் அச்சிலேயே கிடந்தது. கேவண்டிஷ் அதை மறைக்கவில்லை, சராசரியில் கரைக்கவும் இல்லை. வந்ததை வந்தபடி எழுதினார். தவறு யாருடையது என்று பார்த்தால் வாசகர்களுடையதுதான்.

1894 ஏப்ரல் 19 அன்று ராலே ராயல் சொசைட்டியில் தன் எடைகளைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வில்லியம் ராம்சே. நைட்ரஜனை வேறு வழியில் நான் பார்க்கட்டுமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு போனார். அவர் வழிதான் மெக்னீசியம். காற்று நைட்ரஜனைச் சிவக்கச் சூடான மெக்னீசியச் சீவல்களின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாள்கணக்கில் ஓட்டினார். மெக்னீசியம் தின்னத் தின்ன வாயு குறைந்தது, மிச்சமிருந்தது கனத்துக்கொண்டே போனது. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் 14ஆக இருக்க வேண்டிய அடர்த்தி 16ஐத் தாண்டி, 19ஐத் தாண்டி, 20க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் நிறமாலையில் யாருமே பார்த்திராத சிவப்பு, பச்சைக் கோடுகள். அதே நேரத்தில் டெர்லிங்கில் ராலே கேவண்டிஷின் சோதனையை அப்படியே திரும்பச் செய்துகொண்டிருந்தார், பேட்டரியும் ரூம்கார்ஃப் சுருளும் வைத்து. கேவண்டிஷின் இயந்திரம் முழுவேகத்தில் மணிக்கு சுமார் ஒரு கன சென்டிமீட்டர் வாயுவை விழுங்கியிருக்கும். ராலேவுடையது முப்பது. அவருக்கும் குமிழி நின்றது.

ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் அறிவித்தார்கள். ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் சோம்பேறி என்று அர்த்தம். எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைத்தால் தப்பு. இது புதுத் தனிமமே இல்லை, மூன்று அணு சேர்ந்த நைட்ரஜன்தான் என்று ஜேம்ஸ் டூவர் ‘டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். அட்டவணை போட்ட மெண்டலீவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். இதை அசட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆக்சிஜனுக்கு ஓசோன் இருக்கிறதே. மூன்று அணு நைட்ரஜனின் அடர்த்தி 21ஆக இருக்கும், இவர்களுக்கு வந்தது கிட்டத்தட்ட 20. வாயுவுக்குள் ஒலி போகும் வேகத்தை அளந்து, இது தனித்தனி அணுக்களாகத் திரிகிற வாயு, எதனுடனும் ஜோடி சேராதது என்று காட்டினார்கள். அதனால் இன்னொரு தலைவலி வந்தது: அணு எடை 40 என்றால் 39 எடையுள்ள பொட்டாசியத்துக்குப் பிறகல்லவா அட்டவணையில் வர வேண்டும்? அங்கே அதற்கு இடமில்லை. அணு எடை முக்கியமில்லை, அணு எண்தான் முக்கியம் என்று 1913இல் மோஸ்லி காட்டுகிற வரை அந்த முடிச்சு அவிழவில்லை. அதற்குள் 1904இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் கொடுத்தாகிவிட்டது.

ராம்சே அங்கே நிற்கவில்லை. 1898இல் மாரிஸ் ட்ராவர்ஸோடு சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் காற்றிலிருந்தே எடுத்தார். டாட்டாவின் ஆராய்ச்சி நிறுவனத்தை எங்கே வைக்கலாம் என்று பார்க்க அழைக்கப்பட்டு இந்தியா வந்து பெங்களூரைச் சொன்னவரும் இதே ராம்சேதான். அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் ட்ராவர்ஸ்.

இந்தப் பதினோரு மில்லிகிராம் இன்றைக்கு உரத் தொழிற்சாலைகளில் வேறு வேஷத்தில் தொல்லை கொடுக்கிறது. அமோனியா தயாரிக்கக் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அழுத்தத்தில் சுற்றிச்சுற்றி விடுகிறார்கள். நைட்ரஜன் வினையில் தீர்ந்துகொண்டே இருக்கும், கூட வந்த ஆர்கான் தீராது. சுற்றுக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். அதனால் அவ்வப்போது வாயுவில் ஒரு பகுதியை வெளியே விட வேண்டும். ராம்சேவின் மெக்னீசியக் குழாயில் நடந்த அதே விஷயம், ஆனால் ராட்சத அளவில்.

ராலேவின் மகன் ராபர்ட் ஸ்ட்ரட்டும் நைட்ரஜன் பக்கம்தான் போனார். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனுக்குள் மின்சாரம் பாய்ச்சி, அந்த வாயுவைக் குழாய் வழியாக அடுத்த குடுவைக்கு இழுத்தால், மின்சாரம் இல்லாத இடத்திலும் அது மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டே போகிறது. 1911இல் அவர் இதற்கு ‘செயல்படும் நைட்ரஜன்’ என்று பெயர் கொடுத்தார். சாதாரண நைட்ரஜன் கண்டுகொள்ளாத பாதரசம், சோடியம் எல்லாவற்றோடும் அது சேர்ந்தது. அசிட்டிலீனைக் காட்டினால் சயனைடு கிடைத்தது. பிணைப்பு உடைந்து தனியான அணுக்கள்தான் அவை, திரும்பச் சேரும்போது ஒளி விடுகின்றன. ஆனால் அப்பாவுக்கு வந்த சங்கடம் மகனுக்கும் வந்தது. நைட்ரஜன் உண்மையிலேயே சுத்தமாக இருந்தால் ஒளிரவே ஒளிராது, உங்கள் வாயுவில் அழுக்கு இருக்கிறது என்று பெர்லினிலிருந்து இருவர் எழுதினார்கள். ஸ்ட்ரட் திரும்ப உட்கார்ந்து, துளித்துளியாக ஆக்சிஜனையும் மற்றதையும் தானே கலந்து பார்த்தார். துளி அழுக்கு இருந்தால் ஒளி கூடுகிறது என்பது மெய். அதற்காகச் சுத்தமானதில் ஒளி இல்லாமல் போய்விடவில்லை. அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார், எழுபது வயது.

இதை எழுத உட்கார்ந்தபோது அம்மா வீட்டுப் பரணிலிருந்து ரெக்கார்டு நோட்டை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். மெக்னீசியம் எட்டாவது பக்கத்தில் இருக்கிறது. 0.39 என்று முதலில் எழுதியதை பிளேடால் சுரண்டியிருக்கிறேன். தாள் அந்த இடத்தில் மெலிந்து, மேலே எழுதிய 0.40இன் மை கொஞ்சம் கசிந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.